நெஞ்சுச் சளியை இருமாமல் வெளியேற்றுவது எப்படி?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மண்டித் தெருவில் நடந்து போனால், ஷட்டர் தூக்கும் சத்தத்துக்கு முன்பாக இருமல் சத்தம்தான் காதில் விழும். எந்த இருமல் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடும் அளவுக்கு நமக்குப் பழகிப் போனவை அவை. மிளகாய் மண்டியில் ஒன்று, மாவு மில்லில் ஒன்று, பலசரக்குக் கடைத் திண்ணையில் ஒன்று. "தூசியிலேயே தொழில் செய்கிறோம், இருமல் வராமல் பின்னே என்ன வரும்?" என்று சொல்லிக்கொண்டே வருடங்களை ஓட்டிவிடுகிறோம்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த இருமலால் கடையையே விட்டுவிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், தெருவில் எல்லாரும் அழைப்பதுபோல அண்ணாச்சி என்றே எழுதுகிறோம். நாற்பது ஆண்டுகளாகப் பருப்பும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்பவர். நாணயத்திலும் வரவு செலவிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இருமினால்தான் கொஞ்சம் சளி வெளியே வரும். அதற்குள் மனிதர் வியர்த்துக் களைத்துச் சுவரில் சாய்ந்துவிடுவார். கடையில் கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய டப்பா வைத்திருந்தார். வாடிக்கையாளர் வந்தால் அதைக் காலால் உள்ளே தள்ளிவிடுவார். ஒரு நாள் சாமான் வாங்க வந்த ஓர் அம்மா, இவர் இருமத் தொடங்கியதும் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாராம். அன்று இரவு மகன், "அப்பா, நீங்க வீட்ல இருங்க. கல்லாவை நான் பாத்துக்கிறேன்" என்றார். பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை.

அந்த அண்ணாச்சி இன்றும் காலையில் கல்லாவில் உட்காருகிறார். அவருக்குக் கிடைத்த வழி விலை உயர்ந்த மருந்தோ அறுவைச் சிகிச்சையோ அல்ல. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுக்கும் மூச்சுப் பயிற்சி. மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும்தான் பிசியோதெரபி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாள்பட்ட நெஞ்சு நோய்க்கும் அதில் நூறாண்டு கடந்த வழிமுறை உண்டு. நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேருக்கு இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கூலியாள் வராத நாளில் இறங்கிய லோடு

சளி என்றாலே அழுக்கு என்று எண்ணுகிறோம். அப்படியல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய பசையாகப் படர்ந்திருந்து, உள்ளே வருகிற தூசி, புகை, கிருமி எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துக்கொள்வது சளிதான். அந்தப் பசைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் ஏராளமாக இருக்கின்றன. நொடிக்குப் பத்து முறை அளவில் ஒரே திசையில் அசைந்து, பசையைக் கீழிருந்து மேலே தொண்டை வரை தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நலமாக இருக்கும் ஒவ்வொருவருடைய நெஞ்சிலும் இரவு பகலாக இந்த வேலை நடக்கிறது.

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, பல வருடத் தூசி ஆகியவை இந்த மயிரிழைகளை முடக்கிவிடுகின்றன. அதே நேரத்தில் சளி சுரப்பதும் அதிகமாகிறது. கூலியாள் வராத நாளில் இரண்டு லாரி சரக்கு வந்து இறங்கினால் மண்டி வாசல் எப்படிக் கிடக்குமோ, அப்படிக் கிடக்கிறது நெஞ்சு. தேங்கிய சளியில் கிருமி குடியேறுகிறது. கிருமியால் குழாய்ச் சுவர் புண்ணாகிறது. புண்ணான சுவரில் மேலும் சளி ஊறுகிறது.

இப்படிச் சளி தேங்கும் நோய்களில் நம்மவர்களிடம் அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று, சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சீட்டில் எழுதும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். புகைப்பவர்களுக்கும் புகையடுப்பில் வெந்தவர்களுக்கும் பெரும்பாலும் வருவது. மற்றொன்று பிராங்கியெக்டாசிஸ். இதில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக அகன்று, பழைய சாக்கின் மூலைபோலத் தொங்கிவிடுகின்றன. அந்தத் தொங்கலில் சளி தங்கிவிடும். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்தான் 1819இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார்.

பிராங்கியெக்டாசிஸ் பற்றி நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்பு வந்த காசநோயே காரணம் என்று தெரிந்தது. அண்ணாச்சியின் கதையும் அதுதான். இருபத்து நான்கு வயதில் காசநோய் வந்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமானவர். கிருமி ஒழிந்தது. தழும்பு விழுந்த குழாய் அப்படியே நின்றுவிட்டது. இடது நுரையீரலின் கீழ்ப் பகுதியில் அது இருப்பது, பல வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில்தான் வெளிவந்தது. அதுவரை "உங்களுக்கு அலர்ஜி" என்று சொல்லி டானிக் கொடுத்தவர்களும் உண்டு, பழைய காசநோய் திரும்பிவிட்டதென்று பயமுறுத்தியவர்களும் உண்டு.

எனவே யாராக இருந்தாலும் முதல் வேலை, என்ன நோய் என்று தெரிந்துகொள்வது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாம்பரம் சானடோரியம் என்று நாம் ரயில் நிலையப் பெயராக மட்டும் அறிந்திருப்பது, 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர்தான். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பரிசோதனை செய்யாமல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையிலும் டானிக்கிலும் மாதங்களைக் கடத்துவது நம் வியாபாரிகளிடம் உள்ள பெரிய குறை. கடையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போக மனம் வருவதில்லை.

"இருமுறதை நிறுத்துங்க ஐயா"

அண்ணாச்சியை நெஞ்சு நோய் டாக்டர் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் சிறு வயதுப் பெண். அண்ணாச்சி போய் உட்கார்ந்ததும் வழக்கம்போல இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு அந்தப் பெண் சொன்னாராம்:

"ஐயா, முதல்ல இப்படி இருமுறதை நிறுத்துங்க."

"இருமாம எப்படிம்மா சளி வரும்?"

"கண்ணாடியைத் துடைக்கிறதுக்கு முன்னாடி அதுல எப்படி ஊதுவீங்க? ஊதிக் காட்டுங்க."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினார். கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

"அதேதாங்க ஐயா. அதுக்குப் பேரு ஹஃப். அதை எப்ப, எவ்வளவு ஊதணும்னு கத்துக்கிட்டா போதும்."

நாம் இருமும்போது என்ன நடக்கிறது? முதலில் தொண்டை மூடிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பிறகு தொண்டை படாரென்று திறந்து காற்று வெடித்து வருகிறது. நல்ல நுரையீரலுக்கு இது சரி. நோயுற்ற மூச்சுக்குழாயோ தளர்ந்துபோனது. அந்த அழுத்தத்தில் குழாய் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். சளி அதற்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். வரவில்லையே என்று இன்னும் பலமாக இருமுகிறோம். இன்னும் நசுங்குகிறது. ஒரு மணி நேரம் இருமி ஒரு தேக்கரண்டி வருவது இதனால்தான். ஹஃப் ஊதும்போது தொண்டை திறந்தே இருக்கும். அழுத்தம் அளவோடு இருக்கும். குழாய் முழுவதும் நசுங்காமல், காற்று வேகமாகப் போய்ச் சளியை மேலே நகர்த்தும்.

நியூசிலாந்தில் 1968இல் ஆஸ்துமா நோயாளிகளுக்காக இந்த ஊதும் முறை எழுதப்பட்டது. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் ஜெனிஃபர் பிரையர், பார்பரா வெப்பர் என்ற இரு பிசியோதெரபிஸ்டுகள் அதைச் சோதித்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய முறையைவிடக் குறைந்த நேரத்தில் அதிகச் சளி வெளியேறியது. அதைவிடப் பெரிய லாபம், முதுகில் தட்டிவிட இன்னொருவர் தேவையில்லை, நோயாளி தானே செய்துகொள்ளலாம் என்பது. ஊதுவதோடு ஆழ்ந்த மூச்சையும் ஓய்வு மூச்சையும் சேர்த்து ஒரு சுற்றாக அமைத்த முறைதான் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

எண்ணெய் டின்னில் இரண்டாவது துளை

அண்ணாச்சி நமக்குச் செய்து காட்டியதையே இங்கே தருகிறோம்.

முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து நாற்காலியில் உட்கார வேண்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அலுங்காமல் விட வேண்டும். வயிறு லேசாக எழுந்து தாழ வேண்டும். தோள் தூக்கக் கூடாது. இதுதான் ஓய்வு மூச்சு. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, படபடப்பு அடங்கும் வரை.

அடுத்து ஆழ்ந்த மூச்சு. விலா விரியும்படி நிதானமாக மூச்சை நிரப்பி, மூன்று எண்ணும் வரை பிடித்து வைத்து, பிறகு தள்ளாமல் தானாக வெளியே விட வேண்டும். மூன்று அல்லது நான்கு முறை போதும். அதற்கு மேல் போனால் தலை சுற்றும்.

பிடித்து வைப்பது எதற்கு? நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விட்டு விட்டுத்தான் வரும். எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டால் அதன் வழியே காற்று புகுந்து, எண்ணெய் சீராக இறங்கும். நுரையீரலிலும் சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேர்ந்தால்தான் சளி முன்னால் நகரும். நேர் வழியைச் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் காற்றறைகளிலிருந்து நுண்ணிய குறுக்கு வழிகள் உண்டு. மூச்சை நிரப்பி மூன்று விநாடி பிடித்தால், அந்தக் குறுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து அடைப்புக்குப் பின்புறம் சேர்ந்துவிடும்.

மறுபடியும் ஓய்வு மூச்சு. அதன் பின்தான் ஹஃப். இதில் இரண்டு வகை. நெஞ்சின் அடியில் இருக்கும் சளிக்கு, நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, வாயை அகலத் திறந்து, "ஹா...." என்று நீளமாக, வயிறு உள்ளே ஒடுங்கும் வரை ஊத வேண்டும். சளி மேலே வந்து தொண்டைக்கருகில் கரகரவென்று கேட்டால், பெரிய மூச்சு இழுத்து "ஹா!" என்று சுருக்கமாக, வேகமாக ஊத வேண்டும். ஒன்று அல்லது இரண்டு ஊதல். உடனே ஓய்வு மூச்சு. சளி தொண்டைக்கே வந்துவிட்டால் ஒரே ஒரு இருமல், அதோடு டப்பாவில் துப்பிவிடலாம். வரவில்லையென்றால் வற்புறுத்தாமல் மறுபடியும் முதலிலிருந்து சுற்று.

இப்படி பத்து முதல் இருபது நிமிடம். சளி மிக அதிகமானால் அரை மணி வரை. அடுத்தடுத்து இரண்டு சுற்றில் கரகரப்பு இல்லாமல் ஊதல் காய்ந்து வந்தால் அன்றைய வேலை முடிந்தது. காலையில் ஒருமுறை, சளி அதிகமுள்ளவர்களுக்கு மாலையிலும் ஒருமுறை. வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் போடுபவர்கள் பயிற்சிக்கு முன்பே போட்டுக்கொண்டால் வழி திறந்திருக்கும்.

நம்மவர்கள் தவறு செய்யும் இடம் ஓய்வு மூச்சுதான். அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார். வேலை நடக்காத நேரம் வீண் என்று நினைத்து அதைத் தாண்டிவிட்டு ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். மார்பு இறுகி வீசிங் சத்தம் வந்துவிட்டது. இரண்டாவது முறை போனபோது அந்தப் பெண், "ஐயா, அவசரப்பட்டா சளி வராது, வீசிங்தான் வரும்" என்று கண்டித்திருக்கிறார். வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது என்று பழகிய நமக்கு, நம் மூச்சுக்காக நாம் காத்திருப்பது கடினமாகத்தான் இருக்கிறது.

படுக்கும் நிலையும் முதுகில் தட்டுவதும்

லண்டனில் வில்லியம் யூவர்ட் என்ற மருத்துவர் 1901இல், பிராங்கியெக்டாசிஸ் நோயாளியை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் சளி தானே வடியும் என்று எழுதினார். நோயுள்ள பகுதி மேலே இருக்க வேண்டும், சளி தாழ்ந்த இடம் நோக்கி இறங்கும் என்பது கணக்கு. அண்ணாச்சிக்கு இடது பக்கம் நோய் என்பதால் வலது பக்கம் சரிந்து படுத்து இந்தச் சுற்றுகளைச் செய்கிறார்.

ஆனால் தலையைக் கீழே தொங்கவிட்டுக் கால் பக்கத்தை உயர்த்தும் பழைய வழக்கத்தை வீட்டில் யாரும் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். இருதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல், சமீபத்தில் கண் ஆபரேஷன், சளியில் ரத்தம், படுத்தாலே மூச்சு முட்டுவது ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நம் வயதுக்காரர்களில் இவற்றில் ஒன்றாவது இல்லாதவர் யார்?

இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு என்பதுதான் வேடிக்கை. பெல்ஜியத்தில் உருவான ஒரு முறையில் நோயுள்ள பக்கத்தைக் கீழே வைத்துப் படுத்து, தொண்டையைத் திறந்தபடி, மிக மெதுவாக, கடைசிச் சொட்டுக் காற்றுவரை விட வேண்டும். பார்சலோனாவில் 44 பேரை ஓர் ஆண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், தினம் இருமுறை இதைச் செய்தவர்களுக்குச் சளி நன்றாக வெளியேறியதோடு நோய் முற்றித் தொல்லை கொடுப்பதும் குறைந்தது. மேலே என்பதும் சரி, கீழே என்பதும் சரி. ஊதும் விதம்தான் வேறு. எவருக்கு எது என்பதை ஸ்கேனைப் பார்த்து, மார்பில் குழல் வைத்துக் கேட்டு, பிசியோதெரபிஸ்டுதான் சொல்ல முடியும். இந்தக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம் என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே. இரண்டு மூன்று தடவை நேரில் போய்க் கற்றுக்கொண்டால், பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டு வர வழி உண்டு.

முதுகில் தட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மகனோ மருமகளோ பாசத்தோடு தட்டிக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. சில நோயாளிகளுக்குச் சொல்லித் தந்த முறைப்படி தட்டுவது உதவுகிறது. ஆனால் சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. வீசிங் இருக்கும்போது தட்டினால் மூச்சு இன்னும் இறுகும். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு விலாவே விரிசல் விடலாம்.

தண்ணீர் பாட்டிலும் ஒரு குழாயும்

மூச்சை வெளியே விடும்போது எதிரே சிறு தடை இருந்தால், குழாய்கள் நசுங்காமல் விரிந்து நிற்கும். இதற்கென்று டென்மார்க்கில் முகமூடி போன்ற கருவியும், சுவிட்சர்லாந்தில் உள்ளே ஒரு குண்டு துள்ளும் ஊதுகருவியும் செய்தார்கள். அதே தத்துவத்தில் பல மருத்துவமனைகள் பயன்படுத்தும் எளிய ஏற்பாடு, ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்தான்.

வாய் அகன்ற பாட்டிலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். அதில் குழாயின் நுனி அடிவரை இறங்கியிருக்க வேண்டும். சர்பத் குடிக்கும் மெல்லிய ஸ்ட்ரா உதவாது, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளை உள்ள குழாய் வேண்டும். குழாயைச் சுற்றிப் பாட்டில் வாயில் இடைவெளி இருப்பது கட்டாயம், காற்று வெளியேற வேண்டுமல்லவா? மூக்கால் மூச்சை இழுத்து, குழாய் வழியே நிதானமாக ஊதிக் குமிழி விட வேண்டும். ஐந்தாறு முறை குமிழி, பிறகு ஓய்வு மூச்சு, பிறகு ஹஃப். தவறியும் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. தினமும் தண்ணீரை மாற்றி, பாட்டிலையும் குழாயையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் கிருமியை விரட்ட வாங்கிய பாட்டிலே கிருமிக்குக் குடியிருப்பாகிவிடும். ஒருவர் குழாயை மற்றவர் தொடக் கூடாது. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்த வரலாறு உள்ளவர்களும், சளியில் ரத்தம் வருபவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

அதிமதுரமும் திப்பிலியும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் கடைச் சரக்கை நாமே குறைத்துப் பேசுவோமா? தொண்டைக்கு இதமாக இருக்கும், வெந்நீரோடு சேர்ந்தால் ஆறுதல் தரும். ஆனால் அகன்று தொங்கும் குழாயின் அடியில் தங்கிய சளியைக் கஷாயம் மேலே தூக்கிவிடாது. இருமலை அமுக்கும் டானிக் அதைவிட மோசம். வெளியே வர வேண்டியதை உள்ளேயே பூட்டிவிடும். ஆவி பிடிப்பதில் வெந்நீர் கொட்டிப் புண்ணானவர்களை நாம் பார்த்திருக்கிறோம், கவனம் தேவை. பால் குடித்தால் சளி கட்டும் என்று சொல்லி மெலிந்த உடம்புக்குப் பாலை நிறுத்துபவர்கள், ஆஸ்திரேலியாவில் சளி பிடித்தவர்களை வைத்து ஆராய்ந்து 1990இல் வெளியிட்டதைக் கேட்டால் நிம்மதி அடைவார்கள். பாலுக்கும் சளியின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

சளிக்கும் ஒரு பேரேடு

அண்ணாச்சி நோயிலும் வியாபாரிதான். நாள்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். தேதி, எத்தனை தேக்கரண்டி, என்ன நிறம். வழக்கமாக இரண்டு மூன்று கரண்டி, வெளுப்பு அல்லது இள மஞ்சள். சென்ற கார்த்திகை அடைமழையில் ஐந்து, ஆறு என்று ஏறி நிறம் பச்சையானது. முன்பென்றால் "மழைதானே" என்று விட்டிருப்பார். இந்தத் தடவை மூன்றாம் நாளே நோட்டோடு டாக்டரிடம் போனார். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் படுக்காமலே தேறினார். மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை முழுதும் சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்குப் பார்த்துக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. துப்பியதில் ரத்தம் கலந்து வந்தால் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தமாகவே வந்தாலும், திடீரென நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், ஆள் அரைத் தூக்கமாக உளறினாலும் 108க்குப் போன் செய்ய வேண்டும். காய்ச்சல், கால் வீக்கம், இரண்டு படி ஏறினாலே முன்பில்லாத இளைப்பு ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. வறட்டு இருமல் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியால் பயன் இல்லை. எடுப்பதற்குச் சளியே இல்லாதபோது ஊதி என்ன செய்வது?

இந்தப் பயிற்சி அழிந்த குழாயைப் புதுப்பித்துத் தராது. அண்ணாச்சிக்கு இன்னும் சளி ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் செய்யாவிட்டால் மறுநாள் நெஞ்சு கனக்கிறது என்கிறார். பீடியை விடாமல் இதைச் செய்வது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். வற்றல் மூட்டையைத் தட்டும்போதும் சாக்கு உதறும்போதும் என்95 முகக்கவசம் போட வேண்டும். அதைத் தெருவில் உதறாமல் காற்றோட்டமான பின்பக்கத்தில் உதற வேண்டும். கடை திறந்ததும் சிறிய அறையில் சாம்பிராணிப் புகையை நிரப்புவதையும் கொசுவர்த்தியையும் நெஞ்சு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சாமிக்கு விளக்கு போதும். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேலையாட்களுக்கும் இதே இருமல் இருக்கிறது என்பதை முதலாளிகள் மறந்துவிடக் கூடாது. மூட்டை தட்டுவது அவர்கள்தான்.

அண்ணாச்சி இப்போது நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறார். மாடியில் இன்ஹேலர், பாட்டில், வலது பக்கம் சரிந்து படுத்து நாலு சுற்று. ஐந்தரைக்குள் முடிந்துவிடுகிறது. மூடி போட்ட தனி டப்பாவில் துப்பி, கழிவறையில் கொட்டிக் கழுவிவிடுகிறார். கல்லாவுக்குக் கீழே இருந்த பழைய டப்பா போய்விட்டது. மத்தியானம் வரை கல்லாவில் அவர், அதற்குப் பிறகு மகன் என்று ஏற்பாடு. மாடியிலிருந்து தண்ணீர் குமிழியும் சத்தம் நின்றதும், "அப்பா வர்றாங்க, கணக்கு நோட்டை எடுத்து வை" என்று மகன் கடைப் பையனிடம் சொல்கிறாராம்.